ஹெட்டைக் கழற்றும் முன் கசிவைக் கண்டுபிடியுங்கள்

கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் 9 வயதான பெட்ரோல் கார் இருக்கிறது. 3 ஆண்டுகளுக்கு முன் இன்னொருவரிடமிருந்து வாங்கியது. தினமும் 2 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பள்ளிக்கும், மாதம் ஒருமுறை மாமியாரின் சிகிச்சைக்காக மதுரைக்கும் அதை ஓட்டுகிறார்.

தை மாதம் பானட்டிலிருந்து ஆவி வந்திருக்கிறது. ராமநாதபுரத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரை மாற்றி 9,500 ரூபாய் வாங்கினார்கள். பில் இல்லை, துண்டுச் சீட்டுதான். 6 மாதம் கேரண்டி என்று வாய்வார்த்தை. ஒரே மாதத்தில் கூலன்ட் (இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஓடிக் குளிர்விக்கும் திரவம்) மறுபடியும் குறையத் தொடங்கியது. பங்குனியில் இன்னொரு மெக்கானிக், “இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?” என்று, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அந்த வால்வைக் கழற்றிவிட்டார். சித்திரையில் ராமநாதபுரம் நெரிசலில் இன்ஜின் வெப்பத்தைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. இருட்டிவிட்டதால் நிறுத்தப் பயந்து ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார். திருப்புல்லாணி தாண்டியதும் முள் தானாக இறங்கியதால், சரியாகிவிட்டது என்று வீடு வரை வந்துவிட்டார். வைகாசியில் மூன்றாவது மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து அடியிலிருந்த வெள்ளை நுரையைக் காட்டி, “ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும், 42,000 ஆகும்” என்றாராம். (ஹெட் என்பது இன்ஜினின் மேல்பாகம்; அதற்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.) கணவர் போனில் காரை விற்றுவிடச் சொல்கிறார். இப்போது வாரம் ஒருமுறை கூலன்ட் ரிசர்வ் டேங்கில் அரை லிட்டர் வீட்டு மோட்டார் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கிறார்.

அவர் கேட்பது மூன்று: கேஸ்கெட் உண்மையிலேயே போய்விட்டதா? அடுத்த மாதம் மாமியாரை இந்தக் காரில் மதுரைக்கு அழைத்துப் போகலாமா? ரேடியேட்டருக்குக் கொடுத்த பணத்தைக் கேட்க வழி உண்டா?

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 42,000 ரூபாய் வேலைக்கு இன்னும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் காரை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். மூவரும் எதையாவது கழற்றியிருக்கிறார்கள், அல்லது கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். கூலன்ட் எந்த இடத்தில் வெளியேறுகிறது என்று ஒருவர்கூடச் சோதித்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

உங்கள் கடிதத்திலேயே இருக்கும் தடயங்கள்

மதுரை ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் நடுவிலேயே நிற்கிறது, ஊருக்குள் ஏசி போட்டு நின்றால் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முக்கியமான வரி. ஓடும் காரில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். நின்றால் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். ஏசி போட்டால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரின் சூடும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஓடும்போது நன்றாக இருந்து நிற்கும்போது மட்டும் சூடாகிற வண்டியில் முதல் சந்தேகம் ஃபேன் மீது வர வேண்டும். ஹெட் கேஸ்கெட் போன வண்டி பெரும்பாலும் எதிர்மாறாக நடக்கும். நெடுஞ்சாலையில், ஆள் ஏற்றி, வேகமாக ஓட்டும்போதுதான் அதிகமாகத் தொல்லை தரும்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? நெரிசலில் நிற்கும்போது ஏசி வெதுவெதுப்பாக வீசி, வண்டி நகர்ந்ததும் மறுபடி குளிர்கிறதா? அப்படியென்றால் ஃபேன் மீதான சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி.

நம் கடற்கரையில் இந்தக் கோளாறு அடிக்கடி வரும். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை, வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின்மேல்கூட உப்புக்காற்று படிகிறது. ஃபேன் மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் பித்தளை முனையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். பாடியில் எர்த் ஒயர் முடுக்கிய போல்ட் துருவில் ஊறியிருக்கும். கரன்ட் முழுதாகப் போகாததால் ஃபேன் சுற்றும், ஆனால் சோம்பிச் சுற்றும். பார்ப்பவர் ‘ஃபேன் ஓடுது’ என்று விட்டுவிடுவார். மெக்கானிக்கிடம் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்போது விசையாகச் சுற்றினால் மோட்டார் நல்லது. கோளாறு ஃபேனுக்குக் கரன்ட் விடும் சுவிட்சான ரிலேயிலோ ஒயரிலோ எர்த்திலோ இருக்கிறது. அப்போதும் சோம்பினால் மோட்டாரை மாற்ற வேண்டும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கச்சான் காற்று வாரியடிக்கும் மணலும் தூசியும் பூச்சியும் அங்கேதான் அடைந்துகொள்ளும்.

அப்படியானால் வாரம் அரை லிட்டர் கூலன்ட் எங்கே போகிறது? சூடாவதும் கூலன்ட் குறைவதும் ஒரே கோளாறு என்று மூவருமே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டு தனித்தனிக் கோளாறுகளாகத்தான் படுகிறது. ஒன்று ஃபேன், இன்னொன்று எங்கோ ஒரு கசிவு. கசிவால் அளவு குறையும்போது ஃபேன் கோளாறு இன்னும் பெரிதாகத் தெரியும்; வண்டி சூடாகி அழுத்தம் ஏறும்போது கசிவும் கூடும். ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றது நின்றுகொண்டே இருக்கும். ரேடியேட்டரை மாற்றியும் தீராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆயில் மூடியின் வெள்ளை நுரை

நுரையைக் கண்டு பயந்துவிட்டீர்கள். அது இயல்புதான். ஆனால் மூடியில் நுரை இருப்பது மட்டுமே கேஸ்கெட் போனதற்குச் சாட்சி ஆகாது. இன்ஜின் உள்ளே காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியும். நன்றாகச் சூடாகி ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். நீங்களோ தினமும் ஓட்டுவது 2 கிலோமீட்டர். அதற்குள் ஆயில் சூடாகவே ஆகாது. கடலோரக் காற்றில் ஈரமும் அதிகம். இதற்குமேல் பங்குனியில் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டார்கள். இன்ஜின் ஏறக்குறைய 80, 90 டிகிரியை எட்டும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, சீக்கிரம் சூடேற்றுவதுதான் அதன் வேலை. அது இல்லாததால் உங்கள் இன்ஜின் பள்ளிக்குப் போய் வருவதற்குள் சூடாவதே இல்லை. ஈரம் உள்ளேயே தங்கி, ஆயிலோடு கலந்து, மூடியின் அடியில் நுரையாகப் படிகிறது. பங்குனிக்குப் பிறகு மைலேஜ் குறைந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் இதே காரணம்தான். இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்து கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை விடுகிறது.

ஆகவே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவிப் பாருங்கள். ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெளிவாக இருந்து, அளவும் ஏறாமல் இருந்தால் மூடியிலுள்ள நுரை வெறும் ஈரம். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் விட்ட காபி நிறத்தில், அளவு கூடியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். அது கூலன்ட் ஆயிலில் கலந்ததன் அடையாளம்.

கேஸ்கெட் நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று நான் உறுதி சொல்லவில்லை. சித்திரையில் முள் சிவப்பில் நிற்க நீங்கள் ஓட்டி வந்த தூரம் எனக்குக் கவலை தருகிறது. முள் தானாக இறங்கியதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டீர்கள். திறந்த ரோட்டில் காற்று பட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் கூலன்ட் மிகவும் குறைந்து, வெப்பத்தை அளக்கும் சென்சார் தண்ணீரில் நனையாமல் வெறும் ஆவியில் நின்றாலும் முள் இறங்கும். அந்த நேரத்தில் இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும், முள் மட்டும் நலம் என்று சொல்லும். அலுமினிய ஹெட் வளைவது இப்படித்தான். அதனால்தான் ஊகத்தை விட்டுச் சோதனைக்குப் போகச் சொல்கிறேன்.

வீட்டிலேயே பார்க்கக் கூடியவை

இரவு காரை நிறுத்தும்போது இன்ஜினுக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் ஈரம் விழுந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர். நிறமோ வாசனையோ இருக்காது. கூலன்ட் விரலில் வழவழப்பாக ஒட்டும், இனிப்பு வாசனை வரும். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றியதால் உங்கள் கூலன்ட்டின் நிறம் வெளுத்திருக்கும், அதனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

பிறகு இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். தேட வேண்டியது ஈரத்தைவிடக் கறையைத்தான். சூடான இன்ஜின்மேல் கசியும் கூலன்ட் உடனே காய்ந்து, உப்பளத்து ஓரம்போல வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொரிந்து நிற்கும். ரப்பர் ஹோஸ் முனைகளில் கிளாம்ப் கடிக்கும் இடம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மூடிய இடத்தின் ஓரம், வாட்டர் பம்ப் புல்லிக்குக் கீழே ஒரு சின்னத் துளை. இந்த நான்கையும் விடாமல் பாருங்கள். பம்ப்பின் உள் சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாக ஒழுகும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். காருக்குள் முன் சீட்டுக் கால் வைக்கும் கார்பெட் ஈரமாக இருந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படலம் படிந்தால் டேஷ்போர்டுக்குள் உள்ள, சூடான கூலன்ட் ஓடும் ஹீட்டர் கோரில் கசிவு. வெளியில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது.

கேஸ்கெட்டுக்கு ஒரு சின்னப் பரீட்சை. காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருக்கும். ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில், இன்ஜின் இன்னும் குளிராக இருக்கும்போதே அது கல்லாக இறுகினால் சிலிண்டர் வாயு கூலன்ட்டுக்குள் நுழைகிறது என்று பொருள். கையையும் துப்பட்டா முனையையும் ஃபேனிடமும் பெல்ட்டிடமும் கொண்டுபோகாதீர்கள். இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டிய சோதனைகள்

முதலில் பிரஷர் டெஸ்ட். கைப்பம்ப் போன்ற கருவியை ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை காற்றேற்றி, குளிர்ந்த இன்ஜினிலேயே 15 நிமிடம் விட்டுப் பார்ப்பார்கள். வெளிக்கசிவு இருந்தால் கண்ணெதிரே சொட்டும். மூடியையும் அதே கருவியில் சோதிக்கலாம். பெரும்பாலான மூடிகளில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். அந்த அழுத்தம் நிற்பதால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரம் கொதித்து வழிந்துவிடும். சில நூறு ரூபாய் மூடிக்காக ரேடியேட்டரையே மாற்றிய வண்டிகள் நிறையவே உண்டு.

அழுத்தம் குறைந்துகொண்டே வந்து, வெளியில் எங்கும் சொட்டவில்லை என்றால்தான் இரண்டாவது சோதனை: ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவம் உள்ள குழாயை வைத்து, கூலன்ட்டின் மேலிருக்கும் காற்றை அதன் வழியாக உறிஞ்சுவார்கள். புகைவாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். பிளாக் டெஸ்ட் என்று கேளுங்கள். மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றுவதை நானும் ஏற்பேன். அப்போதும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிட விடாதீர்கள். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்ச்சட்டம் வைத்து, ஃபீலர் கேஜால் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள்) வளைவை அளக்கச் சொல்லுங்கள். பல இன்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டியிருந்தால் லேத்தில் சமப்படுத்தாமல் போடும் புதுக் கேஸ்கெட்டும் நிற்காது.

சோதனையில் என்ன வந்தாலும் சரி, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். மஞ்சள்தூள், முட்டை வெள்ளைக்கரு, கடையில் விற்கும் கசிவடைப்பான் திரவம் எதையும் ரேடியேட்டரில் ஊற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓட்டையை அடைப்பதற்குள் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

மோட்டார் தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். நம் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழாய் முனையில் பூக்கும் அதே வெள்ளை, இன்ஜினுக்குள்ளும் படிகிறது. படிந்த இடத்தில் சூடு வெளியேறாது. அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தைப் புள்ளிபுள்ளியாக அரிக்கும். கூலன்ட் என்பது குளிர்விக்க மட்டும் இல்லை, துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. நீங்கள் ஊற்றிய தண்ணீரில் அது கரைந்து போயிருக்கும். கசிவை அடைத்த பின் முழுவதையும் வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் அலசி, காரின் கையேட்டில் சொல்லும் வகைக் கூலன்ட்டை நிரப்பச் சொல்லுங்கள். பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நிறத்தில் வேறுவேறு வகைகள் வருகின்றன. ‘ரெடி மிக்ஸ்’ என்றால் தண்ணீர் சேர்க்கக் கூடாது, கெட்டியானது என்றால் டிஸ்டில்டு வாட்டர் பாதிக்குப் பாதி. நிரப்பிய பின் உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றாவிட்டால் புது வேலையும் சூடாகும். வடித்த கூலன்ட்டை வாசலில் கொட்ட விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் ஆடும் நாயும் நக்கும், அது கொடிய விஷம்.

மதுரைப் பயணம்

இந்த நிலையில் மாமியாரை இந்தக் காரில் அழைத்துப் போக வேண்டாம். 120 கிலோமீட்டருக்கு மேல் தூரம். பரமக்குடிக்கும் மானாமதுரைக்கும் நடுவே உச்சி வெயிலில் ஒரு நோயாளியுடன் நிற்க நேர்வது எந்த ரிப்பேரைவிடவும் மோசம். இந்த முறை ராமநாதபுரத்திலிருந்து ரயிலோ வாடகைக் காரோ பாருங்கள். பள்ளிக்கு 2 கிலோமீட்டர் மட்டும், காலையில் அளவைப் பார்த்துவிட்டு, சோதனை நாள் வரை ஓட்டலாம். டேங்கில் குறைந்தால் மோட்டார் தண்ணீருக்குப் பதில் டிஸ்டில்டு வாட்டர்.

முள் எப்போதாவது ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். வெயிலில் ஹீட்டரா என்று தோன்றும். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். சிவப்பைத் தொட்டால் இருட்டோ மழையோ ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். பயமாக இருந்தால் கதவைப் பூட்டி உள்ளேயே இருந்து யாரையாவது அழையுங்கள், ஆனால் ஓட்டாதீர்கள். முக்கால் மணி நேரமாவது ஆகாமல் மூடியைத் தொடக் கூடாது. குக்கரின் வெயிட்டை ஆவி அடங்காமல் தூக்கினால் என்ன ஆகுமோ அதேதான் இங்கும், முகத்துக்கு நேராக. கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம்.

ரேடியேட்டருக்குக் கொடுத்த பணம்

அந்த ஒர்க்‌ஷாப் உங்களை ஏமாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம், ஆனால் அதையும் பிரஷர் டெஸ்ட்தான் சொல்ல வேண்டும். சொட்டுவது அவர்கள் போட்ட ரேடியேட்டரிலோ அவர்கள் முடுக்கிய கிளாம்ப்பிலோ என்றால், தையிலிருந்து 6 மாதம் இன்னும் முடியவில்லை, மாற்றித் தரும் பொறுப்பு அவர்களுடையது. வாட்டர் பம்ப்பில் சொட்டினால் அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. சோதிக்காமல் மாற்றினார்கள் என்று மட்டும் கேட்கலாம். சொட்டும் இடத்தைப் போனில் வீடியோ எடுங்கள். துண்டுச் சீட்டையும், பணம் அனுப்பிய விவரம் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் கொடுக்காமலிருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் நேரில் பேசுங்கள், பிறகு எழுத்தில் கேளுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் ராமநாதபுரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 9,500 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் முடிவு. எழுத்தில் கேட்டதுமே பலர் வழிக்கு வருவார்கள். இன்ஷூரன்ஸை இதில் நம்ப வேண்டாம். சாதாரண பாலிசி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. இனி எந்த ஒர்க்‌ஷாப் ஆனாலும் வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு, வேலைக்குப் பின் பில், கழற்றிய பழைய பாகம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வீட்டு ஆண்கள் ஊரில் இல்லை என்பதற்காக யாரும் உங்களுக்கு விளக்கம் சொல்லாமல் வேலை செய்ய முடியாது.

விற்பது பற்றி உங்கள் கணவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் இன்று விற்றால் ‘கேஸ்கெட் போன கார்’ என்ற விலைக்குத்தான் போகும். சோதனை முடிவு கையில் இருந்தால் அவரிடமும் வாங்குபவரிடமும் உண்மையான கோளாறைச் சொல்லிப் பேசலாம். பிரஷர் டெஸ்டில் எங்கே சொட்டியது, டிப்ஸ்டிக்கில் ஆயில் எந்த நிறம், நேர் ஒயரில் ஃபேன் எப்படிச் சுற்றியது என்ற மூன்றையும் எனக்கு எழுதுங்கள். வேலையின் மதிப்பீட்டையும் சேர்த்து அனுப்பினால், எதைச் செய்யலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.